இரண்டு அடைப்பு, ஒரு சீட்டாட்டம்

எழுபதுகளின் தொடக்கத்தில், ஆவடி குவார்ட்டர்ஸில் என் மாமாவும் பக்கத்து வீட்டு ஃபிட்டரும் சீட்டாட்டத்தில் நிரந்தரக் கூட்டாளிகள். ஒரே வருஷத்தில் இருவருக்கும் மூளையில் ரத்தக்குழாய் அடைத்தது. மாமாவுக்கு அடைத்தது இடப்பக்கம் நடுவில் ஓடும் குழாய் என்றார் டாக்டர். வலது கை விழுந்தது, பேச்சும் நின்றது. ஃபிட்டருக்கு வலப்பக்கம் பின்னால் ஓடும் குழாய். கை, கால், வாய் எல்லாம் சரி. இரண்டு கண்ணிலும் இடது பாதி மட்டும் தெரியாது. பார்க்க வந்தவர்கள், "இன்னாபா, உனுக்கு ஒண்ணியுமே இல்லியே" என்று ஏமாற்றத்தோடு திரும்பினார்கள்.

மாமா ஒரு வார்த்தையாவது பேசமாட்டாரா என்று அத்தை இரண்டு மாதமாகக் காத்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் என் தம்பியும் எதிரணியாக உட்கார, ஆட்டம் மறுபடி தொடங்கியது. மாமா இடது கையால், அந்த ஆட்டத்தில் பெரிய சீட்டான இஸ்பேட் ஜாக்கியை இறக்கினார். ஃபிட்டரிடமும் ஓர் இஸ்பேட் இருந்தது, ஆனால் அவர் பிடித்திருந்த சீட்டுகளின் இடது ஓரத்தில். அது கண்ணில் படாததால், இஸ்பேட் இல்லை என்று நினைத்துத் துருப்பைப் போட்டுக் கூட்டாளியின் ஜாக்கியையே வெட்டினார்.

"கஸ்மாலம்!" என்றார் மாமா, தெளிவாக.

அத்தை கரண்டியோடு ஓடிவந்தார். "இன்னொரு வாட்டி சொல்லுங்க!"

மாமா வாயைத் திறந்தார்; காற்றுதான் வந்தது. கேட்டால் வராது, கோபத்தில் தானாக வந்தால்தான் உண்டு என்று டாக்டர் பிறகு விளக்கினார். ஃபிட்டருக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை.

"நீ அங்கியே நில்லு தங்கச்சி" என்று அத்தையிடம் சொல்லிவிட்டு, மாமா அடுத்து இறக்கிய சீட்டையும் அவர் துருப்பால் வெட்டினார், இந்த முறை நன்றாகப் பார்த்துக்கொண்டே.