குச்சனூர்க் கண்மாயில் ஒரு சாட்டுளி

1974 ஜூன், சனிக்கிழமை. காலை ஏழு மணிக்குச் சின்னமனூரிலிருந்து குச்சனூர் பஸ் புறப்பட்டது. பத்துக் கிலோமீட்டர், டிக்கெட் நாற்பது பைசா. அங்குள்ள சனீஸ்வரர் கோயிலில் ஏழரைச் சனிக்குப் பரிகாரம் செய்துவிட்டு வரச் சொல்லி மனைவி என்னை மதுரையிலிருந்து விரட்டியிருந்தாள். பக்கத்தில் கூடலூர்க்காரர் வேலுச்சாமி. அவருடைய ஆளுயர மூங்கில் கம்பு, கண்டக்டரோடு நடந்த தகராறுக்குப் பிறகு பஸ் கூரையில் கிடந்தது. மடியில் காய்ந்த சுரைக்குடுக்கை, கயிற்றுச் சுருள், துணியில் பொதிந்த இரும்பு முனை.

"ஈட்டியா?" என்றேன்.

"ஈட்டி இல்ல சார், சாட்டுளி. தேக்கடிப் பக்கம் மலையாளத்துக்காரக கிட்டப் படிச்சுக்கிட்டது. அவுக அப்படித்தான் சொல்லுவாக."

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். திமிங்கில வேட்டையைப் பற்றிய சிறுவர் புத்தகத்தில் 'ஹார்ப்பூன்' வந்த இடத்திலெல்லாம் ஈட்டி என்று போட்டு அனுப்பிய புண்ணியவான். கயிறு கட்டி எறிகிற அந்த ஹார்ப்பூன்தான் இது போலும். கடலே இல்லாத வாழைத்தோப்பு ஊரில் இதற்கென்ன வேலை என்று கேட்டேன்.

குச்சனூர்க் கண்மாய்க் கரையில் பேச்சியம்மா என்பவர் வாத்து வளர்க்கிறாராம். முட்டைதான் பிழைப்பு. கண்மாயிலுள்ள வாளைமீன் ஒன்று வாத்துக்குஞ்சுகளை ஒவ்வொன்றாக விழுங்கிவிட்டது. வலை போட்டார்கள், கிழித்துக்கொண்டு போய்விட்டது. பயந்துபோன வாத்துகள் தண்ணீரில் இறங்குவதே இல்லை.

"நாளைக்கு வாய்க்கால்ல பெரியாத்துத் தண்ணி வந்திரும் சார். கண்மா பெருகிட்டா அதை எங்கன போய்த் தேட? இன்னைக்கு விட்டா அவ்வளவுதான்."

சனீஸ்வரர் கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று அவர் பின்னாலேயே போனேன்.

எட்டரை மணி. கண்மாய் வற்றி, நடுவில் மட்டும் இடுப்பளவு பழுப்புத் தண்ணீர். கரையில் பேச்சியம்மா. அவர் பின்னால் இளைத்துப்போன வாத்துக் கூட்டம். வேலுச்சாமி இரும்பு முனையைக் கம்பின் நுனியில் செருகினார். முனையில் கட்டிய கயிற்றின் மறுநுனியைக் குடுக்கையில் முடிந்தார். தண்ணீருக்குள் போய் நின்றவர் நின்றவர்தான். எதிரே நின்ற நாரைகூடப் பொறுமையிழந்து இரண்டு முறை இடம் மாறியது.

பத்து மணிக்கு ஓரிடத்தில் தண்ணீர் லேசாகப் புடைத்தது. அவர் கை போனதை நான் பார்க்கவில்லை. கம்பு மிதந்ததைத்தான் பார்த்தேன். நுனியில் இரும்பு இல்லை.

"போச்சு! முனை கழன்றுவிட்டது!" என்று கத்தினேன். பேச்சியம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

வேலுச்சாமி சாவகாசமாகக் கம்பை எடுத்துக்கொண்டு கரையேறினார். "கழலணும் சார். கம்பும் சேந்து நின்னா மீன் உதறிட்டுப் போயிரும். அங்கன பாருங்க."

காற்றே இல்லை, சுரைக்குடுக்கை நகர்ந்தது. முதலில் மெதுவாக, பிறகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மறுகரைவரை ஓடியது. திரும்பியது. சட்டென்று மூழ்கி, முப்பதடி தள்ளி எகிறிக் குதித்தது. ஈட்டி எறிந்தால் அதோடு வேலை முடிந்தது. இதற்கோ எறிந்த பிறகுதான் வேலையே ஆரம்பம். கண்ணுக்குத் தெரியாத அவ்வளவு பலமும் ஒரு காய்ந்த சுரைக்காயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. எறிந்தவரோ கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

"இழுக்க வேண்டாமா?"

"இப்ப இழுத்தா கயிறு அந்துரும். அதுவா ஓயட்டும்."

பதினொன்றரைக்குக் குடுக்கை அசையாமல் நின்றது. நானும் வேலுச்சாமியுமாக இழுத்துக் கரையில் போட்டபோது வாளை பேச்சியம்மாவின் தோளுயரம் இருந்தது. ஒரு மாதமாக அதைச் சபித்துக்கொண்டிருந்தவர் குனிந்து அதன் முதுகைத் தடவினார்.

"ஆத்தாடி, எம்புட்டுப் பெரிய உசுரு!" என்றார்.

சாமி கும்பிட்டுவிட்டு அன்று சத்திரத்தில் தங்கினேன். ஞாயிறு காலை ஆறரை பஸ்ஸுக்குமுன் கண்மாய்க்குப் போனேன். புதுத்தண்ணீர் கலங்கலாக வந்துகொண்டிருந்தது. வாத்துகள் கரையிலேயே ஒட்டி நின்றன. மீன் செத்துப்போனதை அவற்றுக்கு யார் சொல்வது? பேச்சியம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே இறங்கினார். அந்த மீன் நேற்றுவரை பதுங்கியிருந்த இடத்தில், இடுப்பளவு தண்ணீரில் நின்று, "பா, பா" என்று கூப்பிட்டார்.

பஸ் ஹாரன் கேட்டது. நான் நகரவில்லை. ஒரு வாத்து கழுத்தை நீட்டிப் பார்த்தது. இறங்கியது. நேராக அவரிடம் நீந்திப் போய் அவரை ஒரு சுற்றுச் சுற்றியது. அதன் பின்னால் இன்னொன்று, பிறகு மொத்தக் கூட்டமும்.

"இறங்கிருச்சு சார், எல்லாம் இறங்கிருச்சு!" என்று தண்ணீருக்குள் நின்றபடியே அழுதார் பேச்சியம்மா.