சாலைக்கு அடியில் ஒரு பைப்

கல்வராயன் மலையில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் வேலையில் இருந்தேன். அக்கா போன் செய்து வரச் சொன்னாள். தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் அவளுடைய கரும்பு சாலைக்குக் கிழக்கே இருக்கிறது. அங்கிருந்த போர்வெல் வற்றிவிட்டது. அவளுடைய கிணறு சாலைக்கு மேற்கே. அதில் தண்ணீர் இருந்தது. நடுவே ஒரு பைப் போட்டால் கரும்பு பிழைக்கும். அக்காவின் புருஷன் இறந்து இரண்டு வருடம். அந்தக் கரும்பைத் தவிர அவளுக்கு வேறு வரும்படி இல்லை.

நான் போனபோது சாலையை அகலப்படுத்தத் தோண்டிப் போட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் எல்லாரும் அந்த நேரம் பார்த்துத்தான் பைப்பைப் புதைப்பார்கள். சாலை வேலை மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்த முறை மேஸ்திரியே அக்காவைக் கூப்பிட்டார்.

"பைப்ப எடுத்தாந்து போட்டுடும்மா. ஜல்லி கொட்டிக்கினே வராங்க. அப்பறம் எங்கிட்ட வந்து அழுவாத."

நான்தான் வேண்டாம் என்றேன். ஓசூரில் கேபிளுக்குக் குழி வெட்டியவன் நான். அனுமதி இல்லையென்று ஒரு நாள் அதிகாரிகள் வந்து கடப்பாரை, மண்வெட்டி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். மூன்று நாள் சும்மா கிடந்தோம். காகிதம் வாங்கிவிட்டுப் போடலாம் என்றேன்.

"எட்டாவது படிச்சிட்டு கலெக்டராட்டம் பேசறான் பாரு," என்றார் மேஸ்திரி.

"ஊரு ஊரா சுத்துனவன், அவனுக்குத் தெரியும்ங்க," என்றாள் அக்கா.

மனுவை நானே எழுதினேன். பட்டா, அடங்கல், புல வரைபடம் எல்லாம் வைத்துக் கள்ளக்குறிச்சி நெடுஞ்சாலைத்துறை ஆபீஸுக்குக் கொண்டுபோனேன். அங்கே மேஜையில் இருந்த அம்மா பட்டாவைப் புரட்டினார்.

"இது யார் பேருங்க?"

"எங்க மாமாங்க. எறந்துட்டாரு."

"அப்ப அவரையா வந்து கையெழுத்து போடச் சொல்றது? வாரிசு சான்று வாங்கி, பட்டாவ உங்க அக்கா பேருக்கு மாத்திக்கினு வாங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. கிராம நிர்வாக அலுவலர் ஒரு நாள் பயிற்சிக்குப் போயிருந்தார். ஒரு நாள் தாலுகா ஆபீஸில் சர்வர் வேலை செய்யவில்லை. ஷேர் ஆட்டோவில் போவதும் வருவதுமாக இருந்தேன். ஜல்லி கொட்டினார்கள், ரோலர் ஓட்டினார்கள், தார் போட்டார்கள். மலைமேல் மட்டும் மழை பெய்தது. கரும்பு அடிவரை காய்ந்தது.

பட்டா அக்கா பேருக்கு மாறி, ஒருவழியாக அனுமதி வந்தது. அக்கா படித்துக் காட்டச் சொன்னாள். கடைசிப் பத்தியில், புதிதாகப் போட்ட தாரை வெட்டக் கூடாது, மிஷினால் அடியில் துளை போட்டுத்தான் பைப்பைச் செலுத்த வேண்டும் என்று இருந்தது.

"அந்த மிஷினு எங்க கெடைக்கும்?"

"சேலத்துல இருந்து வரணும். வாடகையே கரும்பு வெலைய தாண்டிடும்."

அக்கா கொல்லைக்குப் போய் ஒரு கரும்பை ஒடித்துப் பார்த்தாள். அன்றைக்கே பைப்பைப் போட்டிருக்கலாம் என்று சொல்லவில்லை.

"ஆலைக்கும் ஆவாது, மாட்டுக்கும் ஆவாது. அறுக்கறதுக்கு இன்னாத்துக்கு ஆளு? கொளுத்திடு," என்றாள்.

காற்றைப் பார்த்துக் கிழக்கு வரப்பில் தீ வைத்தேன். சருகு சட்டென்று பிடித்துக்கொண்டது. புகை புதுச் சாலையின்மேல் போனது. வண்டிகள் பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாகக் கடந்தன. பக்கத்துக் கொல்லைக்கு நெருப்பு தாவாமல் இருக்க, அக்கா பச்சை வேப்பங்கொத்தால் வரப்பை அடித்துக்கொண்டிருந்தாள்.