அக்கவுண்டிங்கை விட்டுக் கல்லுக்குப் போனது

தொண்ணூறுகளின் நடுவில் நான் யாழ்ப்பாணத்திலிருந்து புலம்பெயர்ந்து, பிளாக்ஹவுஸ் பே என்ற புறநகரில் அக்கா வீட்டில் இருந்தேன். என் எதிர்காலத்தை அத்தான் ஏற்கெனவே முடித்துவைத்திருந்தார்: ஒரு வருடம் பொலிடெக்னிக்கில் அக்கவுண்டிங், பிறகு யூனிவர்சிட்டியில் நேரே இரண்டாம் வருடம், பிறகு வேலை, பிறகு மாப்பிள்ளை. கொழும்பில் எஞ்சினியராக இருந்தவர், இங்கே ஒடாஹுஹுவில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். தன் வாழ்க்கையில் பலிக்காத திட்டங்களையெல்லாம் என் தலையில் கட்டினார்.

நேர அட்டவணையில் ஓர் இடம் காலியாக இருந்ததால் நிலவியலில் ஒரு பேப்பர், அதாவது ஒரு பாடம், எடுத்தேன். ரங்கிடோட்டோ தீவுக்குக் கூட்டிப்போனார்கள். எரிமலை கக்கிய குழம்பு ஓடி, சுருண்டு, அப்படியே கறுத்து இறுகிக் கிடந்தது. என் சப்பாத்தின் அடி கிழிந்தது. திரும்பி வரும் படகிலேயே முடிவு செய்துவிட்டேன்.

பொலிடெக்னிக்கில் மாணவர்களுக்கு வழிகாட்டவென்று ஓர் ஆலோசகர் இருந்தார். அவருக்குத் தெரிந்த வழி தேநீர் அறைக்குப் போவது மட்டும்தான். நான் சொன்ன எல்லாவற்றுக்கும் "லவ்லி" என்றார். என் பேப்பர்களில் எவற்றை யூனிவர்சிட்டி ஏற்கும் என்றால், அவர்களைக் கேட்கச் சொன்னார். அங்கே போனால், ஆலோசகரைக் கேட்கச் சொன்னார்கள். திரும்பி வந்து அதைச் சொன்னேன். அதற்கும் "லவ்லி." கூடவே, "உங்கள் ஆட்களுக்குக் கணக்கு நன்றாக வருமே, ஏன் விடுகிறாய்?" என்று அக்கறையோடு விசாரித்தார். அவருக்கும் அத்தானுக்கும் நிறம் மட்டும்தான் வேறு.

கடைசியில் நேரே யூனிவர்சிட்டியின் நிலவியல் துறைக்குப் போய் ஒரு கதவைத் தட்டினேன். உள்ளே சேறு படிந்த பூட்ஸோடு ஒரு விரிவுரையாளர். கெமிஸ்ட்ரி படித்தாயா என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் ஏ லெவல் வரை என்று சொல்லி, பொலிடெக்னிக்கில் எடுத்த பேப்பர்களின் பட்டியலை நீட்டினேன்.

"போதும். நிலவியலும் புள்ளியியலும் செல்லும், அக்கவுண்டிங் எல்லாம் போய்விடும். முதல் வருடத்திலிருந்து தொடங்க வேண்டும். சம்மதமா?" என்றார் அந்தப் பெண்மணி.

அந்த வருடம் முழுக்க எனக்குக் கிடைத்த ஒரே நேரான பதில் அது.

இரவுச் சாப்பாட்டில் சொன்னேன். "கல்லுப் படிக்கவோ நாடு விட்டு வந்தனீ?" என்றார் அத்தான். "ஒரு வருஷத்தைக் குப்பையிலை போடப்போறாய். உனக்கென்ன விசர் பிடிச்சிட்டுதோ?"

"ஓம்," என்று ஒத்துக்கொண்டேன்.

சோறு போட்டுக்கொண்டிருந்த அக்கா அகப்பையை வைத்தாள். "நீங்கள் படிச்ச படிப்பு உங்களை எங்கை கொண்டுவந்து விட்டிருக்கு? அவளை விடுங்கோ."

அத்தான் பாதியில் எழும்பிப் போனார். அக்கா சொன்னது, நான் மனதுக்குள் அவரைப் பற்றி எத்தனையோ தடவை நினைத்ததுதான். அக்காவின் வாயால் கேட்டபோது கூசியது. மறுநாள் காலை அத்தான், எரிமலை வெடித்தால்தான் எனக்கு வேலை கிடைக்கும் என்று பகிடி விட்டார். என் கூச்சம் தீர்ந்தது.

படித்து முடிப்பதற்குள்ளேயே, வீடு கட்டும் சரிவுகளில் மண்ணைத் துளைத்துப் பார்க்கும் வேலை கிடைத்துவிட்டது. பட்டமளிப்பு அன்று, அக்காவின் சிநேகிதியான மலேசியத் தமிழ்ப் பெண்மணி ஒருவர் அத்தானிடம், "இந்தப் படிப்பு எடுக்க யார் சொன்னாங்க?" என்று கேட்டார்.

"நான்தான் சொன்னனான். அக்கவுண்டிங் ஆர்தான் படிக்கேல்லை?" என்றார் அத்தான், கண் இமைக்காமல்.

அக்கா என்னைப் பார்த்தாள். படம் எடுக்க வந்தவர் சிரிக்கச் சொன்னார். நானும் அவளும் அடக்க முடியாமல் சிரித்தோம். எங்கள் நடுவில் அத்தான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.