இடப்பக்கம் சரிந்த குறி

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். மன்னார்ப் பக்கம் நானாட்டானில் உழவு மெஷின் ஓட்டுகிறவனுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? ஆனால் இது பட்டப்பகலில், ஊரே பார்க்க நடந்தது. நம்பினால் நம்புங்கள்.

எங்கள் ஊர்ப் பாக்கியம் மாமியின் ஒரே மகன் தவம். பதினெட்டு வயதில் இயக்கத்துக்குப் போய்த் தளபதியானவன். பெரிய சண்டைகளை நடத்தினான் என்பார்கள். எனக்குத் தெரிந்த தவம், லீவில் வந்தால் துவக்கை வேலியில் சாத்திவிட்டு, காய்ச்சிய கம்பியால் தங்கள் கன்றுகளின் தொடையில் குறி சுடுவான். இடக்கையன், அதனால் தாயின் பெயருக்கு அவன் சுடும் 'ப' எப்போதும் இடப்பக்கம் சரிந்தே நிற்கும். "தளபதியாருக்கு நேராச் சுட வராதோ?" என்று பகிடி பண்ணுவேன், சிரிப்பான். நாங்கள் இடம்பெயர்வதற்கு முந்தின வருஷம் சண்டையில் செத்துப்போனான். உடல்கூட வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அகதி முகாமிலிருந்து திரும்பியபோது ஊர் முழுக்கப் பற்றைக்காடு. விட்டுப்போன மாடுகளை வளைத்து வந்து பட்டியில் அடைத்தோம். குறி பார்த்துத்தான் உரியவரிடம் கொடுப்பது, குறி இல்லாவிட்டால் மாடு பொதுவுக்கு. அதை எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னவன் நான்தான். மாமிக்கோ தறப்பாள் கொட்டிலைத் தவிர ஒன்றுமில்லை. பட்டி வாசலிலேயே கிடந்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு செவலைப் பசு காட்டிலிருந்து தானாக வந்து அவர் முன்னால் நின்றது. பின்னால் ஒரு வயதுகூட ஆகாத கன்று.

"இது என்ர லெச்சுமியடா தம்பி!"

ஆனால் பசுவின் தொடையில் குறி இருக்கவேண்டிய இடத்தைச் செல் வெடித்த காயம் வழித்திருந்தது.

"குறி இல்லாமல் தரேலாது மாமி." சொல்லும்போதே எனக்கு என்மேல் வெறுப்பு வந்தது.

"அப்ப கன்றைப் பார்."

"காட்டில பிறந்த கன்றுக்கு ஆர் மாமி குறி சுட்டது?" என்றபடி அதைத் திருப்பினேன். தொடையில், ஆறிப்போன தழும்பாக, ஒரு 'ப'. இடப்பக்கம் சரிந்திருந்தது. கன்றை விட்டுவிட்டு இரண்டடி பின்னால் போனேன், சொல்ல வெட்கமில்லை.

மாமி மட்டும் பயப்படவில்லை. "வந்திட்டுத்தான் போயிருக்கிறான். எனக்கு இது காணும், வேறொண்டும் வேண்டாம்" என்று பசுவையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு போனார்.

இன்றைக்கு அவரிடம் ஐந்து மாடுகள். சந்தித் தேத்தண்ணிக் கடைக்கு அவருடைய பால்தான். அவர் சிரிப்பதைப் பார்த்தால் எனக்கும் சந்தோஷம்தான்.

பிறகு அவருக்குக் கல்வீடு கட்டுவதற்காக, இடிந்து கிடந்த பழைய சுவரை மெஷினால் இழுத்தேன். அடியில் தவம் குறி சுடுகிற அந்தக் கம்பி கிடந்தது, கறள் தின்று இரண்டாக முறிந்துபோய். நுனியில் கருகிய செவலை மயிர் ஒட்டியிருந்தது. தீய்ந்த மணம்கூட இன்னும் போகவில்லை.