முந்நூறு முதலாளிகளும் ஒரு பிரசவ விடுப்பும்

விவசாயிகள் ஒன்றுசேர்ந்து நடத்தும் கம்பெனியில் தலைமைச் செயல் அலுவலர் என்றால், முந்நூறு முதலாளிகளுக்கு ஒரே வேலைக்காரி என்று பொருள்.

ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் எங்கள் கம்பெனி. உறுப்பினர்கள் முந்நூறு பேர். எல்லாரும் வெண்டை, கத்தரி, சுரை, முருங்கை போடுகிறவர்கள். அவர்களுக்குள்ளேயே தேர்ந்தெடுத்த இயக்குநர்கள் பத்துப் பேர். சம்பளத்துக்கு இருப்பது நான் ஒருத்திதான். விடியற்காலை ஐந்தரைக்கு குடோன் ஷட்டரைத் தூக்குவது, எடை போடுவது, தரம் பிரிப்பது, வேனில் ஏற்றிவிடுவது, கடைசியில் தரையைக் கூட்டுவது எல்லாம் அந்தத் தலைமைச் செயல் அலுவலரேதான். திண்டுக்கல்லில் ஒரு கல்லூரி விடுதிக்குத் தினமும் ஏழு மணிக்குள் காய் போய்ச் சேர வேண்டும். எங்களுக்கு இருக்கிற ஒரே பெரிய வாடிக்கை அது. இரண்டு தடவை தவறினால் மார்க்கெட்டிலேயே வாங்கிக்கொள்வேன் என்று விடுதி மேலாளர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

இந்த லட்சணத்தில் எனக்கு ஐந்தாம் மாதம். ரத்த அழுத்தம் ஏறுகிறது, எட்டாம் மாதம் பிறந்ததும் வீட்டோடு இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதாவது மூன்று மாதத்துக்குள் நான் இல்லாமலே காய் போகப் பழக வேண்டும். குடியிருப்போர் சங்கத்திலோ கோயில் கமிட்டியிலோ செயலாளராக மாட்டிக்கொண்டு விழிக்கிறவர்களே, இது உங்களுக்காகத்தான். மற்றவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியாது.

மூன்று பூட்டு

வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னால் எடுபடாது. அதனால் வெளியூரிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்தேன். அவர் பத்து இயக்குநர்களையும் வட்டமாக உட்கார வைத்து, ஒரு நூல்கண்டை ஆளுக்கு ஆள் வீசச் சொன்னார். நூல் எல்லார் கையிலும் சிக்கிக்கொண்டதும், “பாத்தீங்களா, தலைமைங்கறது இப்படித்தான் எல்லார் கையிலயும் இருக்கணும்” என்றார். கைதட்டல் அடங்கவே இல்லை. எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது.

எங்கள் தலைவர் பெரியகருப்பன் ஐயா எதையும் தள்ளிப் போடுகிறவர் இல்லை. மறுநாளே தீர்மானம் போட்டார். அதுவரை குடோன் சாவி என் கைப்பையில் இருந்தது. இனிமேல் ஷட்டருக்கு மூன்று பூட்டு, மூன்று சாவி, மூன்று ஊரில் மூன்று இயக்குநர்கள். மூன்று பேரும் வந்தால்தான் திறக்கும். எங்கள் பக்கம் பூட்டுக்கா பஞ்சம்? சாயங்காலத்துக்குள் மூன்றும் தொங்கின.

அந்த வாரமே வியாழக்கிழமை இரண்டு சாவி வந்தது, மூன்றாவது வரவில்லை. அந்த இயக்குநர் குஜிலியம்பாறையில் மச்சான் மகளுக்குக் காதுகுத்து என்று முதல் நாளே போய்விட்டார், சாவி அவர் அரைஞாணில். காய் முழுவதும் உள்ளே. வேன் வெளியே. நான் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் நெற்றியில் சந்தனத்தோடு எட்டரைக்கு வந்து சேர்ந்தார். விடுதிக்குக் காய் போகும்போது மணி ஒன்பதேகால். முதல் தவறு கணக்கில் ஏறிவிட்டது. பதறிப்போய்க் கத்தினேன். பெரியகருப்பன் ஐயா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: “மூணு பேரும் இல்லாம ஒருத்தனாலயும் தொறக்க முடியல பாத்தீங்களாம்மா? அம்புட்டுப் பாதுகாப்பு.”

பத்துக் கட்டைவிரல்

இரண்டு பூட்டை அன்றைக்கே கழற்றிப் போட்டேன். மிச்சம் ஒரு சாவி மறுபடி என் கைப்பைக்கு வந்தது. சரி, சாவி போகட்டும், ஆளாவது வரட்டும் என்று இயக்குநர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி போட்டேன்: நாளை லோடு அதிகம், மூட்டை தூக்க எனக்கு முடியாது, காலை ஐந்தரைக்கு யாராவது இரண்டு பேர் வர வேண்டும். ஐந்து நிமிடத்துக்குள் பத்துக் கட்டைவிரல் நிமிர்ந்தது. ஒருவர் கூடுதலாக ரோஜாப்பூவும் அனுப்பினார். இரண்டு பேர் கேட்டதற்குப் பத்துப் பேரா என்று நெகிழ்ந்து போய், பத்து டீக்குச் சொல்லி வைத்தேன்.

மறுநாள் ஐந்தரைக்கு வந்தது டீ மட்டும்தான். வேன் ஓட்டுகிற அண்ணன் பாவம் பார்த்து ஒற்றை ஆளாக அத்தனை மூட்டையையும் ஏற்றினார். பிள்ளைத்தாய்ச்சி நான் பக்கத்தில் நின்று ஒரு கை கொடுத்தேன். கொடுக்கக் கூடாதுதான், வேறு வழி? விடுதி வாசலில் வேன் நின்றபோது ஏழு அடிக்க இரண்டு நிமிடம். ஒன்பது மணிக்கு மேல் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டேன். ஒன்பது பேர் ஏதேதோ சொல்லி மழுப்பினார்கள். பத்தாமவர் மட்டும் மறைக்காமல் பேசினார்: “பத்துப் பேரு வாரோம்னு போட்டிருந்தாங்க. சின்ன குடோன் வேற. எதுக்குக் கூட்டம்னு நான் நின்னுக்கிட்டேன்.”

நுனி ஒடிந்த வெண்டைக்காய்

சுப்புராஜ் அண்ணன் எங்கள் இயக்குநர்களிலேயே நேர்மையானவர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அதுதான் பிரச்சினையே. காய் தரம் பிரிக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று அவராக முன்வந்தார். நானும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தேன். மூட்டைக்கு ஒன்றிரண்டு வெண்டைக்காயை எடுத்து நுனியை ஒடித்துப் பாருங்கள், பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல், அவ்வளவுதான். உங்கள் வீட்டில் காய் வாங்கும்போது செய்கிற அதே வேலை. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அதற்கு மேல் எனக்கு வாந்தி வந்தது, பின்பக்கம் போய் முகம் கழுவி, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

வந்து பார்த்தால் இரண்டு மூட்டை வெண்டைக்காயிலும் ஒன்றுக்குக்கூட நுனி இல்லை. அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்து கடைசிக் காயை ஒடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நுனிகள் ஒரு குவியல். ஒடித்த இடம் சீக்கிரம் கறுத்துப் போகும், அப்படிப்பட்ட காயை யாரும் வாங்க மாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும், சின்ன வயதிலிருந்து வெண்டை போடுகிறவர். அன்றைக்கு விடுதியில் வெண்டைக்காய்ப் பொரியல், எப்படியும் வெட்டத்தானே போகிறோம் என்று மேலாளர் முணுமுணுத்துக்கொண்டே இறக்கிக்கொண்டார். இல்லையென்றால் இரண்டாவது தவறும் அன்றே கணக்கில் ஏறியிருக்கும். “ஏண்ணே, ஒண்ணு ரெண்டுதானே ஒடிக்கச் சொன்னேன்?” என்றேன், அழாத குறையாக. அவர் என்னைத்தான் வருத்தத்தோடு பார்த்தார். “ரெண்டை ஒடிச்சுப் பாத்துட்டு மூட்டையவே நம்பச் சொல்றீங்க. ஒரு வீட்டுல ரெண்டு பேரு நல்லவுகன்னா, அந்த வீட்டுக்கே பொண்ணு குடுப்பீங்களா?”

படுக்க வைக்கவா, நிற்க வைக்கவா

ஏழாம் மாத ஸ்கேனுக்குப் போயிருந்தேன். வேலை முடித்து, எல்லாருக்கும் சொல்லிவிட்டுத்தான் போனேன். டாக்டரம்மா திரையைக் காட்டி, இது கால், இது கை என்று சொல்லச் சொல்ல, கைப்பைக்குள் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. என் கணவர் அதை எடுத்து வெளியே போனார், உடனே திரும்பி வந்தார். மறுபடி அடித்தது. மறுபடி போனார். அவர் கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர், அமைதியான மனிதர், அவரே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். முழுதாகப் பதினாலு அழைப்பு.

குடோன் எரிகிறதா, யாருக்காவது அடிபட்டுவிட்டதா என்று படுத்தபடியே கேட்டேன். அவர் ஒருமுறை டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார். நாளைக்குப் போகிற சுரைக்காயைப் பெட்டியில் படுக்க வைக்கவா, நிற்க வைக்கவா என்று பெரியகருப்பன் ஐயா கேட்கிறார். அவர் சுரைக்காய் போட ஆரம்பித்தபோது நான் பிறந்திருக்கவே மாட்டேன்.  ஆனாலும் பாருங்கள், பதில் சொல்ல என் கை தானாகப் போனுக்கு நீண்டது. டாக்டரம்மா அந்தக் கையைப் பிடித்து, அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றினார். “சுரைக்காய் படுத்துக்கட்டும். நீங்களும் படுங்க.”

கரிக்கோடுகள்

பத்து இயக்குநர்களில் முத்துலட்சுமி அக்கா ஒருவர்தான் பெண். கூட்டத்தில் வாய் திறக்க மாட்டார். ஒருநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து குடோனுக்குள் நுழைந்தபோது சுவர் முழுக்கக் கரித்துண்டால் கிறுக்கியிருந்தது. ஒரு கிணறு, ஒரு புளியமரம், ஒரு டிராக்டர், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கோடு கோடாக. பார்த்ததும் எனக்கு ஆத்திரம் வந்தது. வெள்ளையடித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். அந்த இடத்தில் நான் கணினியில் அடித்து எடுத்து வந்த அட்டவணையை ஒட்டினேன். கட்டம் கட்டமாக, நாள், பொறுப்பாளர், மாற்றுப் பொறுப்பாளர், கையொப்பம். எனக்கே என்னைப் பாராட்டத் தோன்றியது.

அக்கா வந்தார். சுவரைப் பார்த்தார், என் கையிலிருந்த கரித்துணியைப் பார்த்தார். கிணறு என்றால் கிணற்றடித் தெருக்காரர்கள், புளியமரம் என்றால் காலனிக்காரர்கள், கோடு என்றால் பெட்டி, யார் என்றைக்கு எத்தனை கொண்டுவர வேண்டும் என்று எல்லாருமாக உட்கார்ந்து பேசிப் போட்டது என்று சொன்னார். “அதுக்கென்னக்கா, இதுலயும் அதேதானே இருக்கு, தெளிவா இருக்கு” என்றேன். அவர் கோபப்படவில்லை. அட்டவணையின் ஓரம் காற்றில் தூக்கிக்கொண்டிருந்ததை விரலால் அழுத்தி ஒட்டிவிட்டுச் சொன்னார்: “நான் எழுதுனது எங்களுக்குப் புரியும். நீங்க எழுதுனது உங்களுக்குப் புரியும். போகப்போறது நீங்கதான தாயி?”

முதல் திங்கட்கிழமை

எட்டாம் மாதம் பிறந்தது. சனிக்கிழமை சாவியைப் பெரியகருப்பன் ஐயாவிடம் கொடுத்தேன். கூடவே பதினொரு பக்கக் குறிப்பு. எப்படியும் திங்கட்கிழமை இரண்டாவது தவறு நடக்கும், ஒரு வருஷ உழைப்பு ஒரே காலையில் போகும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஞாயிறு முழுக்க என் கணவரிடம் புலம்பித் தீர்த்தேன்.

திங்களன்று நாலரைக்கே விழிப்பு வந்துவிட்டது. போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். ஐந்தரை ஆனது, அழைப்பு இல்லை. ஆறு ஆனது. சிக்னல் இல்லையோ என்று என் கணவரைக் கூப்பிட்டு எனக்கு ஒரு போன் போடச் சொன்னேன். நன்றாகவே அடித்தது. ஏழேகாலுக்கு மேல் தாங்க முடியாமல் விடுதி மேலாளரையே கூப்பிட்டேன். “காய் ஆறே முக்காலுக்கே வந்துருச்சே. ஏன் மேடம், நீங்க லீவா? தெரியவே இல்ல” என்றார்.

நியாயமாகப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது அழுகை. ஒரு வருஷம் நான் முட்டி மோதியதை இவர்கள் ஒரே காலையில், அதுவும் பதினைந்து நிமிடம் மிச்சம் வைத்து முடித்துவிட்டார்களே என்ற ஆத்திரம்தான் முதலில் வந்தது. மறைப்பானேன். முத்துலட்சுமி அக்காவைக் கூப்பிட்டேன். பின்னால் ஒரே பேச்சும் சிரிப்புமாக இருந்தது. சுவரில் மறுபடி கரிக்கோடு போட்டுவிட்டார்களாம். என் அட்டவணை தக்காளிப் பெட்டிக்கு அடியில் விரிக்கப் பயன்பட்டதாம். அவரவர் காயை அவரவர் தரம் பிரிக்கக் கூடாது, கிணற்றடிக்காரர் காயைப் புளியமரத்துக்காரர் பார்ப்பது, அவர்கள் காயை இவர்கள் பார்ப்பது என்று முடிவு செய்து கொண்டார்களாம். சுப்புராஜ் அண்ணன் அடுத்தவர் மூட்டையில் ரெண்டே ரெண்டு வெண்டைக்காய்தான் ஒடித்தாராம். எனக்குப் பொறுக்கவில்லை. “இம்புட்டும் தெரியும்னா இந்த மூணு மாசமா ஏன்க்கா செய்யல? என் உயிரை வாங்குனீங்களே” என்றேன்.  அவர் குறை சொல்கிற தொனி கொஞ்சமும் இல்லாமல் சொன்னார்: “நீங்க இருக்கையில எதுன்னாலும் உங்களைக் கேட்டுக்கிரலாம்னு இருந்தோம். இன்னைக்குக் கேக்க ஆளில்ல. அதான் எங்களுக்குள்ளயே கேட்டுக்கிட்டோம்.”

தலைமையைப் பங்கு போட்டுக்கொள்ளப் பத்துப் பேருக்குப் பயிற்சி கொடுத்து ஒரு நாள் முழுக்க நூல்கண்டு வீச வைத்தவள் நான். பிள்ளை பெற்று நான் திரும்பிப் போவதற்குள், அந்தக் கண்டைக் கையிலிருந்து விடுவது எப்படி என்று எனக்கு யாராவது பயிற்சி கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.