இரண்டாவது கையெழுத்து

ஆராய்ச்சி மாணவர்களைச் சங்கத்தில் சேரச் சொல்லிப் பேச என்னைக் கல்லூரி கல்லூரியாகக் கூப்பிடுகிறார்கள். நீர் வேதியியல் ஆய்வாளர்களுக்கான சங்கம் அது. அதன் மாணவர் பிரிவுக்கு இப்போது நான்தான் பொறுப்பு. சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்று மணிக்கணக்கில் பேசுவேன். சேராமல் போனால் என்ன போகும் என்பதும் எனக்குத் தெரியும். அதை மட்டும் மேடையில் சொன்னதில்லை.

நானும் இன்னொரு பெண்ணும் ஒரே வழிகாட்டியிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தோம். என் அப்பா தெற்கேயிருந்து வந்து திருவொற்றியூரில் மளிகை மொத்தக் கடை வைத்தவர். கடைக்கு மேலே மாடியில் எங்கள் வீடு. அவள் சடையங்குப்பம். மழைக்காலத்தில் அவள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். நான் தொப்பி போட்டுக்கொண்டு, எண்ணூர் முகத்துவாரத்தில் படகு பிடித்து, பெரிய விஞ்ஞானி மாதிரி தண்ணீர் எடுத்து வருவேன். அவள் தன் வீட்டு அடுப்படியில் நின்ற தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, நேரம் எழுதி ஒட்டி, பஸ்ஸில் கொண்டு வருவாள். அரிசி டப்பாவை மேலே ஏற்றாமல் இந்தக் கலீஜுத் தண்ணியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாளே என்று அவள் அம்மா திட்டுவதை எங்களிடம் நடித்துக் காட்டிச் சிரிப்பாள்.

இப்படி மூன்று மழைக்காலம். வெள்ளம் உள்ளே நுழைந்ததிலிருந்து வடியும் வரை, ஒரு வீட்டுக்குள் என்னென்ன உலோகம் வந்து தங்குகிறது என்பது அவளிடம் மணிவாரியாக இருந்தது. அப்படி ஒரு தரவு வேறு யாரிடமும் இல்லை. படகில் போகிறவர்களுக்கு அது கிடைக்காது. எனக்கு அது நன்றாகவே புரிந்திருந்தது. கோளாறே அங்கேதான்.

சங்கத்தில் சேர விரும்பும் மாணவரின் விண்ணப்பத்தில் ஏற்கெனவே உறுப்பினராக உள்ள இருவர் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் துறையில் உறுப்பினர்கள் இரண்டே பேர். ஒருவர் வழிகாட்டி, இன்னொருத்தி முந்தின வருஷம் சேர்ந்திருந்த நான். அவர் தன் கையெழுத்தைப் போட்டு என்னிடம் கொடுத்தார். நானும் போட்டு, ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும். ஐந்து நிமிஷ வேலை.

அந்த வருஷ மாநாட்டுக்கு ஒரு துறைக்கு ஒரு மாணவ உறுப்பினரைத்தான் சங்கம் தன் செலவில் அழைப்பதாக இருந்தது. அவள் உறுப்பினரானால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். விண்ணப்பத்தைப் பையில் வைத்தேன். நாளைக்கு அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், சத்தியமாக. அப்புறம் ஒரு வாரம் ஓடிவிட்டது. அனுப்பிவிட்டாயா என்று அவள் கேட்டபோது, அனுப்பிவிட்டேன் என்றேன். வாய் கூசவில்லை.

கடைசித் தேதி போயிற்று. மாணவ உறுப்பினர் பட்டியலில் எங்கள் துறையிலிருந்து என் பெயர் மட்டும் வந்தது. சங்கத்துக்கு எழுதிக் கேட்கட்டுமா என்றாள். நீ கேட்டால் நன்றாக இருக்காது, நானே கேட்கிறேன் என்றேன். நான்கு நாள் கழித்து, சேர்க்கைக் குழுவில் ஒத்துக்கொள்ளவில்லையாம் என்று அவளிடமும் வழிகாட்டியிடமும் சொன்னேன். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அவர் வேறு வேலையில் மூழ்கிவிட்டார். மாணவர்கள் யாரையுமே வேண்டாம் என்று சொல்லாத சங்கம் தன்னை மட்டும் சொன்னது என்று நினைத்துக்கொண்டு அவள் தலை குனிந்து நின்றாள். நான் அவள் தோளில் கை போட்டு ஆறுதல் சொன்னேன். இதை எழுதும்போது அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

மாநாட்டில் என் போஸ்டர் முன்னால் யாரும் அதிக நேரம் நிற்கவில்லை. ஆனால் டீக்கு நின்ற வரிசையில் வேறு ஊர் ஆய்வாளர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். பிறகு என் கட்டுரையை வரி வரியாகத் திருத்தி அனுப்பினார். அது வெளியானது. சங்கத்தின் மின்னஞ்சலில்தான் வேலை அறிவிப்பு வந்தது. நேர்காணலுக்குப் போனால், உங்களை மாநாட்டில் பார்த்தேனே என்றார் அங்கே உட்கார்ந்திருந்த ஒருவர். எனக்கு மூளை ஒன்றும் புதிதாக முளைத்துவிடவில்லை. நாலு பேருக்கு என் முகம் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். படிக்கிற பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அவளுக்கு யாரையும் தெரியாது. ஒரு கட்டுரை அனுப்பினாள், திரும்பி வந்தது. எங்கே சரியில்லை என்று காட்ட ஆளில்லை. மறுபடி அனுப்பவே இல்லை. வழிகாட்டி ஓய்வு பெற்றார். ஆய்வேட்டைப் பாதியில் விட்டுவிட்டு மணலிப் பக்கம் ஏதோ தொழிற்சாலை ஆய்வகத்தில் ஷிஃப்ட் வேலைக்குப் போனாள் என்று கேள்விப்பட்டேன். போன் நம்பர் என்னிடம் இருந்தது. ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

போன மாதம் ராயபுரத்தில் ஒரு கல்லூரியில் வழக்கமான என் பேச்சு. முடித்ததும் பின் வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, எங்களை மாதிரி ஆட்களையெல்லாம் எடுப்பார்களா என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் கதவோரத்திலிருந்து பதில் வந்தது. அங்கே ஆய்வக உதவியாளர் கோட்டுடன் நின்றவள் அவள்தான்.

"கண்டிப்பா போடுங்கம்மா. நான்கூட ஒருவாட்டி போட்டேன், எடுக்கல. என் ஆராய்ச்சி வேல அவ்ளோதான் போல. மேடம்தான் பாவம், எனக்காவ கேட்டுப் பாத்தாங்க. அதுக்காவ நீங்க போடாம இருந்துடாதீங்க."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் மேசையிலிருந்த விண்ணப்பப் படிவங்களை அடுக்க ஆரம்பித்தேன்.

கூட்டம் கலைந்ததும் ஆய்வகத்துக்குப் போனேன். கழுவிய குடுவைகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள். தொழிற்சாலையில் ஒப்பந்தம் முடிந்துவிட்டது, இங்கே வந்து இரண்டு வருஷம் ஆகிறது என்றாள். டீ சாப்பிடுகிறாயா என்று கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்துப் போடாததை, அனுப்பாததை, சங்கத்தில் யாரையும் கேட்காததை, ஏன் என்பதையும். அழுதுகொண்டேதான் சொன்னேன். அழுகிற உரிமைகூட எனக்கு இல்லை.

அவள் ஈரக் கையைக் கோட்டில் துடைத்தாள். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் கேட்டது வேறு.

"அப்போ, என் வேல நல்லாத்தான் இருந்திச்சா?"

நன்றாக இருந்தது, என்னுடையதைவிட எவ்வளவோ நன்றாக இருந்தது என்றேன்.

"எட்டு வருஷமா எனக்குத்தான் மூள இல்லன்னு நெனச்சிக்கினு கீறேன்டி" என்றாள்.