கிணற்றடி அப்பிளும் ஒரு கை உப்பும்

கிண்ணியாவில் எங்கள் வளவில் நின்ற மரமெல்லாம் வாப்பாவுடையவை. வீட்டைச் சீதனமாக எனக்கு எழுதித் தந்தவர், மரங்களைத் தர மட்டும் மனம் வராமல் இருந்தார். அடுத்த வளவிலிருந்து வேலிக்கு மேலால் தலையை நீட்டி, என் மாங்காய், என் தேங்காய் என்பார். பெண் வீட்டோடு வந்து குடியிருந்த என் மனுசன் வாயே திறக்கமாட்டார். மீனை ஐஸ் போட்டு நகரத்துக்கு அனுப்புவது அவருடைய தொழில்.

கடைகளில் வெளிநாட்டுப் பழம் கண்ணில் படாத காலம் அது. கப்பல்காரன் ஒருவன் அவருக்கு ஓர் அப்பிள் கொடுத்தான். பழத்தை நான் தின்றேன். குளிர்நாட்டுச் சாமானாயிற்றே என்று விதைகளை அவர் மீன் ஐசுக்குள் நெடுநாள் கிடத்திவிட்டு, பால்மா வந்த தகரப் பேணிகளில் ஊன்றினார். இரண்டு முளைத்தன.

“இந்த வளவில எனக்கெண்டு ஒரு மரம் நிக்கட்டும்,” என்றார். கேட்க எனக்குப் பாவமாக இருந்தது. வேலிக்கு அந்தப்பக்கம் வாப்பா சிரித்தது எனக்குக் கேட்டது.

ஒரு கன்றைக் கிணற்றடியில் நட்டார். வெயிலில் அது வாடியது. மனுசனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் ஐஸ். அடியில் அள்ளிக் கொட்டினார். குளிர் இன்னும் கூடட்டும் என்று, மீன்பெட்டிக்குச் செய்கிற மாதிரியே, மேலே ஒரு கை உப்பும் தூவினார். உப்பு மரத்துக்கு ஆகாது என்றேன். மீனுக்கு ஆகுதே என்றார். மீன் செத்தது, மரம் உயிரோடு நிற்கிறது என்று கத்தினேன். கேட்டால்தானே! இலை அத்தனையும் கொட்டிவிட்டது.

அன்றைக்கென்று வாப்பா வேலியைச் சுற்றிக்கொண்டு வந்தார். நின்ற குச்சியைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார். மனுசனின் முகம் சுருங்கிப்போயிற்று. எனக்குப் பொறுக்கவில்லை.

“குளிர் நாட்டில அப்பிள் மரம் இலையைக் கொட்டிப்போட்டுத்தான் நிக்கும், வாப்பா. இதுக்கும் குளிர் பிடிச்சிட்டுது,” என்றேன்.

வாப்பா குனிந்து மண்ணைத் தொட்டார். விரல் சில்லிட்டிருக்க வேண்டும், கையை உதறினார். விரலில் ஒட்டிய உப்பை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“மற்றக் கன்று நிக்கிற பேணியை எனக்குத் தாறீங்களா, மருமகன்?”

வாப்பா அவரிடம் கேட்டு வாங்கிய முதல் சாமான் அது. மனுசன் உண்மை பேசுகிறவர், அதனால் அவர் வாய் திறக்குமுன் நானே ஓடிப்போய்ப் பேணியைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

வாப்பா போனார். பிறகு வேலிக்கு மேலால் தலை வந்தது. ஐசுக்கு உப்பு எவ்வளவு போடுவது என்று கேட்டார்.

மனுசன் என்னைப் பார்த்தார். நான் கிணற்றுக்குள் பார்த்தேன்.

“ஒரு கை, மாமா,” என்றார்.